பெறுநர் பணியில் சேரவில்லை

மாறுதல் கேட்டு அவள் போட்ட ஐந்தாவது விண்ணப்பமும் புதன்கிழமை காலையில் திரும்பி வந்துவிட்டது. முந்தைய நான்கும் ‘பரிசீலிக்க இயலவில்லை’ என்ற ஒற்றை வரியோடு வந்தவை. இந்த முறை தலைமையகத்தில் யாரோ ஒரு புண்ணியவான் காரணத்தையும் எழுதித் தொலைத்திருந்தார்: ‘கிடங்கு மேலாளரின் குறிப்பின்படி, மேற்படி பணியாளரின் பெயரில் பதினொரு தானியங்கி ஸ்கிரிப்டுகள் தலைமையகத் தரவுத்தளத்தோடு இணைந்து இயங்கி வருவதால், அவரை விடுவிப்பது நிர்வாக நலனுக்கு உகந்ததன்று. ஆட்சேபம் இருப்பின் வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் தெரிவிக்கலாம்.’

அவள் அதை நின்றுகொண்டே படித்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தாள். ‘நல்ல வேலைக்காரி, இவளை விட்டால் வேறு ஆள் இல்லை’ என்று எழுதியிருந்தால்கூடப் போகட்டும் என்று இருந்திருப்பாள். அப்படி இல்லையே. அவள் வேண்டாமாம், அவள் பெயர்தான் வேண்டுமாம். பெயரை மட்டும் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போக முடியுமா என்ன?

அது ஒரு மருந்துக் கிடங்கு. சுற்றியுள்ள நாற்பது ஆஸ்பத்திரிகளுக்கு அங்கிருந்துதான் மருந்து போகும். கீழே லாரிகள் வந்து முதுகைக் காட்டி நிற்கும் மேடை, தகர அலமாரிகள், குளிர் அறை. மேலே ஓர் அறையில் இரண்டு கணினிகளும், ஓயாமல் உறுமும் ஒரு மின்விசிறியும், அவளும். தரவுத்தளம் அங்கே இல்லை. அது வேறொரு ஊரில், தலைமையகத்தில் இருக்கிறது. எந்த மருந்து எவ்வளவு இருக்கிறது, எது தீரப் போகிறது, எது காலாவதி ஆகிறது என்பதையெல்லாம் தினமும் அங்கே சொல்லியாக வேண்டும். அதைச் செய்வதுதான் அந்தப் பதினொரு ஸ்கிரிப்டுகள்.

ஸ்கிரிப்ட் என்றால் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஒரே வேலையை அலுக்காமல் தினமும் செய்யும்படி கணினிக்கு எழுதி வைத்த முப்பது நாற்பது வரி, அவ்வளவுதான். காலை ஆறு மணிக்கு ஒன்று எழுந்து இருப்பைச் சொல்லும். ஆறே காலுக்கு இன்னொன்று தேவைப் பட்டியலை நீட்டும். ஆனால் தலைமையகத்துக் கதவு சும்மா திறக்காது. யார் வந்திருப்பது என்று கேட்கும். பதினொன்றும் அவள் பெயரைச் சொல்லும், அவளுடைய கடவுச்சொல்லைக் காட்டும், உள்ளே போகும். அங்கிருந்து ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பட்டியலிலும் அனுப்பியவர் என்று அவள் பெயர்தான் இருக்கும். போன வருடம் பயிற்சி வகுப்பு ஒன்றில் எந்த ஊரோ ஓர் ஆஸ்பத்திரி நர்ஸ் அவள் பெயரைக் கேட்டதும் வாய் பிளந்தாள். “அட, நீங்கதானா அது? தினமும் காலைல ஆறு மணிக்கு அனுப்பறீங்களே, நீங்க தூங்கவே மாட்டீங்களா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்து வைத்தாள், வேறென்ன செய்வது.

இத்தனைக்கும் மூல காரணம் ஒரே ஒரு சொல். ஆறு வருடத்துக்கு முன்னால் அந்த ஸ்கிரிப்டுகளை எழுதித் தர ஒப்பந்தத்தில் ஒரு டெக்னீஷியன் வந்தார். கடைசி நாளன்று அவர் மேலாளரிடம், “எந்த யூசர் பேர்ல கனெக்ட் பண்றது சார்?” என்று கேட்டார். மேலாளர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார், “இப்போதைக்கு மேல இருக்கிற அம்மா பேரப் போடுங்க. அப்புறம் பார்க்கலாம்.”

டெக்னீஷியன் அன்று சாயங்காலமே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இப்போதைக்கு மட்டும் போகவில்லை. சம்மணம் போட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

மேலாளரைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். கெட்டவர் என்று சொல்ல வாய் வராது. யாரையும் அதட்டியதில்லை, யார் வீட்டு விசேஷத்தையும் விட்டதில்லை. ஆனால் எதற்கும் ஆம் என்றோ இல்லை என்றோ அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் ‘பார்க்கலாம்’தான். கிடங்கு முழுக்க அவருக்குப் பெயரே ‘பார்க்கலாம் சார்’. லாரி ஓட்டுநர் முதல் வாசல் காவலாளி வரை அப்படித்தான் சொல்வார்கள், அவர் காதில் விழாதபடி.

அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு: பாஸ்வேர்டு அக்கா. அதற்குக் காரணம் தலைமையகத்தின் தொண்ணூறு நாள் விதி. ஒருவருடைய கடவுச்சொல் தொண்ணூறு நாளைக்குத்தான் செல்லும். தொண்ணூறாம் நாள் நண்பகல் பன்னிரண்டு மணிக்குள் மாற்றாவிட்டால் அந்தப் பெயருக்குக் கதவு சாத்தப்படும். மாற்றுவதும் சுலபமில்லை. அந்தக் கிடங்குக் கணினியில்தான் மாற்ற வேண்டும், அவளே வந்து பெருவிரலைக் கருவியில் பதித்துத்தான் மாற்ற வேண்டும். பிறகு பதினொரு கோப்புகளையும் திறந்து புதிய கடவுச்சொல்லை எழுத வேண்டும். ஆறு வருடத்தில் இருபத்துநான்கு முறை செய்துவிட்டாள். அவளுடைய நாட்காட்டியில் பண்டிகைக்குச் சிவப்பு வட்டம் கிடையாது, தொண்ணூறாம் நாளுக்குத்தான் உண்டு.

இதில் என்ன பெரிய கஷ்டம் என்று கேட்பவர்கள் கேட்கலாம். அவள் கணவன் லேத் வேலைக்காரன். ஐந்து வருடத்துக்கு முன்னால் அவன் வேலை செய்த தொழிற்சாலை, பஸ்ஸில் ஏழு மணி நேரத் தூரத்தில் உள்ள வேறொரு ஊருக்குப் போய்விட்டது. அங்கே அவன் அக்கா இருக்கிறாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்வாள், அந்த ஊரிலும் ஒரு மருந்துக் கிடங்கு இருக்கிறது, மூன்று மாதத்தில் மாறுதல் கிடைத்துவிடும் என்று பேசி, நாலு வயது மகளை அவனோடு அனுப்பினாள். மகளுக்கு இப்போது ஒன்பது வயது. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை பஸ் ஏறுவாள், ஞாயிறு சாயங்காலம் திரும்புவாள். வேலையை விட்டுவிடலாமே என்று அக்கறையாகக் கேட்பவர்களிடம் அவள் பதில் சொல்வதில்லை. இடம் மாறிய தொழிற்சாலை நாளைக்கு மூடிக்கொண்டால் அந்த அக்கறை வந்து அடுப்பு மூட்டுமா?

மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த முதல் நாள், தொண்ணூறாம் நாள். அவள் அங்கே பள்ளிக்கூட வாசலில் நிற்கவில்லை. இங்கே பெருவிரலைக் கருவியில் அழுத்திக்கொண்டு நின்றாள்.

சின்ன வயதில் மகள் ஒரு காரியம் செய்வாள். அம்மா உள்ளே வந்ததும் “எத்தனை நாள்?” என்று கேட்பாள். ஒன்றரை நாள் என்று தெரிந்ததும் அம்மாவின் செருப்பை எடுத்துக்கொண்டு போய் எங்கேயாவது ஒளித்து வைப்பாள். மாவு டப்பாவுக்குப் பின்னால், துவைக்கப் போட்ட துணிக்குள். ஞாயிற்றுக்கிழமை வீடே செருப்புத் தேடும். ஏழு வயதில் அதை நிறுத்திவிட்டாள். “ஏண்டி, இப்பல்லாம் ஒளிக்கறதில்ல?” என்று அவள் ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டாள். “ஒளிச்சாலும் அத்தை செருப்பப் போட்டுட்டுப் போயிடுவ” என்றது பிள்ளை.

அன்று பஸ்ஸில் ஏழு மணி நேரமும் அவள் அழுதாள். அதனால்தான் இந்தப் புதன்கிழமை அந்தக் காகிதத்தோடு அவள் மேலாளர் அறைக்குள் போனபோது கதவைத் தட்டக்கூட இல்லை.

“சார், இந்தக் குறிப்பை நீங்க எழுதினீங்களா?”

மேலாளர் கண்ணாடியைத் தேடினார். அது அவர் நெற்றியில் இருந்தது. “உள்ளதத்தானேம்மா எழுதினேன். பதினொண்ணும் உங்க பேர்லதானே ஓடுது?”

“என் பேர அதுல போட்டது யாரு சார்? நானா?”

“இப்போதைக்குன்னுதானேம்மா போட்டோம்.”

“ஆறு வருஷம் ஆச்சு சார்.”

“ஆறா ஆயிடுச்சு?” அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “சரி, பார்க்கலாம். நீங்க போயிட்டா திடீர்னு எல்லாம் நின்னுடும். மருந்து விஷயம். நாளைக்கு ஒரு ஆஸ்பத்திரில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்றது?”

“நான் செத்துப் போயிட்டா என்ன சார் பண்ணுவீங்க?”

“ஏம்மா இப்படியெல்லாம் பேசறீங்க.”

“செத்தா பேர எடுத்துடுவீங்கல்ல? உயிரோட இருக்கும்போதே எடுங்க சார். ஸ்கிரிப்டுக்குன்னு தனியா ஒரு யூசர் வாங்கிக் குடுங்கன்னு மூணு வருஷமா கேக்கறேன்.”

அவர் இழுப்பறையைத் திறந்து, மூன்று வருடத்துக்கு முன்னால் காட்டிய அதே படிவத்தை மறுபடி எடுத்து மேஜையில் வைத்தார். “நீங்களே பாருங்க. புது யூசர் வேணும்னா இதை நிரப்பணும். தகப்பனார் பெயர். பிறந்த தேதி. ரத்த வகை. அங்க அடையாளம் ரெண்டு. கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் நான் எங்கம்மா போய்க் கேப்பேன்?”

“தகப்பனார் பேர்ல உங்க பேரப் போடுங்க சார். பெத்தது நீங்கதானே?”

வாசலில் கையெழுத்துக்காக நின்ற லாரி ஓட்டுநர் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மேலாளர் படிவத்தை மடித்து உள்ளே வைத்தார். “பார்க்கலாம்” என்றார்.

அவள் மேலே வந்தாள். தொலைபேசிக்கு மேலே சுவரில் ஒரு சுற்றறிக்கை ஒட்டியிருக்கும்: ‘பணியாளர்கள் மேலாளர் வழியாக அன்றித் தலைமையகத்தை நேரடியாகத் தொடர்பு கொள்ளலாகாது.’ ஆறு வருடமும் அதற்குக் கட்டுப்பட்டவள் அவள். எத்தனை மனுக்களை ‘மேலாளர் வழியாக’ அனுப்பினாள், எல்லாம் கிணற்றில் போட்ட கல். அன்றைக்கு அந்தச் சுற்றறிக்கையைப் பார்த்துக்கொண்டே எண்களை அழுத்தினாள். போனால் போகிறது, இதற்கு மேல் என்ன செய்துவிடுவார்கள், மாறுதல் தர மாட்டோம் என்பார்களா?

தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்கிறவரைப் பிடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. வறட்டு இருமலோடு ஒரு குரல் வந்தது. அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள். அந்தப் பக்கம் விசைப்பலகை சத்தம் கேட்டது.

“நாலாம் நம்பர் கிடங்கா? உங்களுக்குத்தான் மெஷின் யூசர் போட்டுக் குடுத்திருக்கேனேம்மா.”

அவளுக்கு முதலில் புரியவில்லை. “எப்ப சார்?”

“ஆறு வருஷம் ஆச்சு. ஸ்கிரிப்ட் போட்ட மூணாவது வாரம். ‘கிடங்கு-4 இயந்திரம்’னு பேரு. பதினாலு கிடங்குக்கும் போட்டேன், ஒம்போதுதான் உபயோகத்துல இருக்கு. உங்களோடது இதுவரைக்கும் ஒரு தடவகூட உள்ள வரல. என்னடான்னு பார்த்தா எல்லாம் உங்க பேர்லயே வந்துட்டு இருக்கு. சரி, அந்தம்மாவுக்கு அதான் பிடிச்சிருக்கு போலன்னு விட்டுட்டேன்.”

பிடிச்சிருக்கு போல. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, “அதுக்கு ஃபாரம் நிரப்ப வேண்டாமா? ரத்த வகையெல்லாம்?” என்று கேட்டாள்.

“அது மனுஷங்களுக்கும்மா. மெஷினுக்கு நானே போட்டுருவேன்.”

“தொண்ணூறு நாளைக்கு ஒரு தடவ பாஸ்வேர்டு மாத்தறது?”

“மெஷினுக்கு எதுக்கும்மா அதெல்லாம்? அது யாருகிட்ட போய் உளறப் போகுது?”

இருபத்துநான்கு முறை. அவள் தன் வலது பெருவிரலைப் பார்த்தாள். “அந்த மெஷின் யூசரோட பாஸ்வேர்டு எங்க சார்?”

“சீல் வெச்ச கவர்ல பதிவுத் தபால்ல அனுப்பினேன். உங்க ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காங்களே.”

தபால் எழுத்தர் கீழே, மேடையை ஒட்டிய கண்ணாடித் தடுப்புக்குள் இருப்பார். இருபது வருடமாகக் கிடங்குக்கு வரும் ஒவ்வொரு காகிதத்தையும் பதிவேட்டில் ஏற்றுகிறவர். ஒரு தாள் தொலைந்தது என்று யாரும் அவரைச் சொல்லிவிட முடியாது. அவள் வருடத்தையும் மாதத்தையும் சொன்னதும், நாற்காலியில் ஏறி, மேல் தட்டிலிருந்து தடித்த பதிவேடு ஒன்றை இறக்கி, தூசி தட்டி, சரியான பக்கத்தைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார்.

‘பெறுநர்: கிடங்கு-4 இயந்திரம். உறை: முத்திரையிட்டது, பெறுநர் மட்டுமே பிரிக்கவும். நிலை: பிரிக்கப்படவில்லை. குறிப்பு: பெறுநர் பணியில் சேரவில்லை.’

அதற்குக் கீழே வருடத்துக்கு ஒன்றாக ஐந்து முறை, அழகான கையெழுத்தில், ‘பெறுநர் இன்றளவும் பணியில் சேரவில்லை, மேலாளரின் பார்வைக்கு.’ ஒவ்வொன்றின் பக்கத்திலும் பச்சை மையில் மேலாளரின் சுருக்கொப்பமும் ஒரு சொல்லும். என்ன சொல் என்று சொல்லவும் வேண்டுமா?

“அண்ணே,” என்றாள் அவள். அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தாள். “இது யாருன்னு நெனச்சீங்க?”

“யாரோ புதுசா வேலைக்கு வர்றவங்கன்னு நெனச்சேன். பேரு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. சரி, அவங்க அப்பா அம்மா வெச்ச பேரு, நாம என்ன சொல்றது?”

“ஆறு வருஷமாவா அண்ணே ஒருத்தங்க வேலைக்கு வராம இருப்பாங்க?”

“அதத்தாம்மா நானும் வருஷா வருஷம் எழுதிக் காட்டினேன்.” அவர் கவலையோடு தலையை ஆட்டினார். “வேற வேலை கெடச்சிருக்கும் போல. ஆனா கவர பத்திரமா வெச்சிருக்கேன். பூச்சி உருண்டை போட்டிருக்கேன்.”

அவரைத் திட்டவும் முடியவில்லை. ஒரு மனிதர் தன் வேலையை அவ்வளவு ஒழுங்காகச் செய்ததால் இன்னொருத்தியின் வாழ்க்கையில் ஐந்து வருடம் போய்விட்டது என்றால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? அவள் பதிவேட்டு மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அண்ணே, அவங்க வேலையில சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. மேல என் ரூம்லதான் இருக்காங்க. நாந்தான் அவங்களுக்குப் பதிலா வந்துட்டு இருக்கேன். கவர எடுங்க.”

அதற்குள் யாரோ சொல்லி மேலாளரும் அங்கே வந்துவிட்டார். தபால் எழுத்தர் இரும்பு அலமாரியைத் திறந்து, அடித்தட்டிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்தார். அரக்கு முத்திரை உடையாமல் இருந்தது. பூச்சி உருண்டை வாசனை குப்பென்று வந்தது.

“இருங்க, இருங்க,” என்றார் மேலாளர். “அதை நீங்க வாங்க முடியாது. பெறுநர் கையெழுத்துப் போடணும். உங்க பேர் வேற, இதுல இருக்கிற பேர் வேற. நாளைக்குத் தணிக்கைல கேட்டா நான் என்ன சொல்றது? எதுக்கும் தலைமையகத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுட்டு...”

அவள் மேஜையிலிருந்த பேனாவை எடுத்தாள்.

“ஆறு வருஷமா அது என் பேர்ல கையெழுத்துப் போட்டுச்சு சார். இன்னிக்கு ஒரு நாள் அது பேர்ல நான் போடறேன். யாரு கேட்டாலும் என்கிட்ட அனுப்புங்க.”

பெறுநர் கையொப்பம் என்ற கட்டத்தில் ‘கிடங்கு-4 இயந்திரம்’ என்று பெரிய எழுத்தில் எழுதினாள். தேதி போட்டாள். முத்திரையை உடைத்தாள். உள்ளே நான்காக மடித்த ஒரு தாள், அதில் இரண்டே வரி: ஒரு பெயர், ஒரு கடவுச்சொல். அந்த இரண்டு வரிக்காகத்தான் மாவு டப்பாவுக்குப் பின்னால் செருப்பு ஒளிந்தது.

அன்று மதியமும் வியாழனும் வெள்ளியும் அவள் இருக்கையை விட்டு எழவில்லை. பதினொரு கோப்புகளிலும் தன் பெயர் இருந்த வரியை அழித்து இயந்திரத்தின் பெயரை எழுதினாள். முதல் ஸ்கிரிப்டை ஓட்டிப் பார்த்தாள். தலைமையகக் கதவு முகத்தில் அடித்தாற்போல் சாத்திக்கொண்டது: இந்தப் பெயரில், இந்த இடத்திலிருந்து அனுமதி இல்லை. மறுபடி இருமல் குரலைக் கூப்பிட்டாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கிடங்கின் இணைய லைன் மாறியிருக்கிறது, இயந்திரத்துக்கு இன்னும் பழைய முகவரிதான் பதிவாகியிருக்கிறது என்று அவர் கண்டுபிடித்து மாற்றினார். கதவு திறந்தது. ஒவ்வொன்றாக எட்டு ஸ்கிரிப்டுகள் உள்ளே போய் வேலையை முடித்துக்கொண்டு திரும்பின. ஒன்பதாவது, காலாவதியான மருந்துகளை நீக்குவது, அனுமதி இல்லை என்று நின்றது.

“நீக்கற உரிமைய இதுக்கு நான் குடுக்கலம்மா,” என்றார் குரல்காரர். “இருங்க, அந்த ஒரு பட்டியலுக்கு மட்டும் குடுக்கறேன். மெஷினுக்கு எது தேவையோ அது போதும். இவ்வளவு நாள் உங்க பேர்ல ஓடினப்ப எதை வேணும்னாலும் அழிச்சிருக்கும், தெரியுமா? உங்களுக்கு முழு உரிமை இருக்கே.”

“அழிச்சிருந்தா?”

“நீங்க அழிச்சதாத்தான் எழுதியிருக்கும்.”

ஆறு வருடமாகத் தினமும் காலை ஆறு மணிக்கு, அவள் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, காய்ச்சலில் படுத்திருந்தபோது, பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கியபோது, அவள் பெயரில் ஒன்று உள்ளே போய் வந்திருக்கிறது. ஒரு வரி தவறியிருந்தால் அவள்தான் கைகட்டி நின்றிருப்பாள். மேலாளரா வந்து ‘இப்போதைக்குன்னு நான்தான் சொன்னேன்’ என்று பக்கத்தில் நின்றிருப்பார்?

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்குப் பதினொன்றாவதும் ஓடி முடிந்தது. குரல்காரர் அவர் பக்கத்தில் பார்த்துவிட்டுச் சொன்னார், “இப்ப உங்க பேர்ல ஒண்ணுமே இல்லம்மா. சுத்தமா இருக்கு. மாறுதல் பிரிவுக்கு இதை நானே எழுதிடறேன். நான் என் கண்ணால பார்த்தது, இதுக்கு யாரோட குறிப்பும் வேண்டாம்.” நாலரைக்கு அந்தக் கடிதத்தின் நகலும் அவளுக்கு வந்தது. அவளுடைய ஆட்சேபத்தோடு அது நாலே முக்காலுக்குப் பதிவாகிவிட்டது.

மேலாளர் அவள் அறைக்கு வந்து மின்விசிறியின் கீழ் நின்றார். அவர் மாடிக்கு ஏறி வந்து அவள் பார்த்ததே இல்லை.

“எல்லாம் சரிதாம்மா. ஆனா இதெல்லாம் யாருக்குத் தெரியும்? இப்போதைக்கு ஒரு மூணு மாசம் இருந்து, யாருக்காவது கத்துக் குடுத்துட்டு...”

அவள் பையை மாட்டிக்கொண்டாள். கணினியை அணைத்தாள்.

“பார்க்கலாம் சார்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மாறுதல் உத்தரவு ஒன்பதாம் நாள் வந்தது. மேலாளர் கையெழுத்துப் போட்டுத்தான் விடுவித்தார், பச்சை மையில், ஒரு சொல்லும் எழுதாமல். பிரிவின்போது தபால் எழுத்தர் அவளிடம், “அந்த எண்ட்ரிய முடிச்சிட்டேம்மா. ‘பெறுநர் பணியில் சேர்ந்தார்’னு எழுதிட்டேன்” என்றார். ஆறு வருடப் பாரம் இறங்கிய முகம் அது.

தொண்ணூறாம் நாள் அதற்கு அடுத்த வாரம் வந்தது. அவள் கடவுச்சொல்லை மாற்றவில்லை. ஏழு மணி நேரத் தூரத்தில், மகளுடைய பள்ளிக்கூட வாசலில், மற்ற அம்மாக்களோடு நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்கு அரை நாள்தான் பள்ளிக்கூடம். கையில் தொலைபேசி. பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். பன்னிரண்டு. பழக்க தோஷம், பெருவிரல் தானாக மடங்கியது. இந்நேரம் அவள் பெயருக்குக் கதவு சாத்தியிருக்கும். ஏதாவது நின்றிருந்தால் கூப்பிடுவார்கள். பன்னிரண்டே கால் ஆயிற்று. யாரும் கூப்பிடவில்லை. ஒன்றுமே நிற்கவில்லை. அவளுக்கு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தாள். வந்தது ஆத்திரம். அவள் இல்லாமல் இன்றைக்கு ஓடுவது அன்றைக்கும் ஓடியிருக்கும். ஒரு உறையைப் பிரிக்க ஆள் இல்லாமல் ஒரு பிள்ளையை அம்மா இல்லாமல் வளர விட்டுவிட்டார்கள், பாவிகள்.

மணி அடித்தது. மகள் வெளியே வந்து, வாரத்தின் நடுவே அம்மாவைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. நின்று, பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, மெதுவாக வந்தாள்.

“எத்தனை நாள்?” என்றாள்.

“இனிமே இங்கதான்.”

“இப்போதைக்கா?”

“இல்லடி” என்றாள். மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். பிள்ளை நம்பியதா இல்லையா என்று தெரியவில்லை. வழி முழுக்க கணக்கு டீச்சரைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை அவள் புதிய கிடங்கில் வேலைக்குச் சேர வேண்டும். புடவை கட்டி, பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், செருப்பைக் காணோம். கட்டிலுக்குக் கீழே இல்லை. மாவு டப்பாவுக்குப் பின்னால் இல்லை. நாத்தனார் ஒரு பக்கம் தேட, கணவன் ஒரு பக்கம் தேட, மகள் மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து நிதானமாகத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். அவள் அந்த முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “தேடாதீங்க அண்ணி, கெடக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, நாத்தனாரின் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஒரு அளவு பெரிய செருப்பு, புதிய கிடங்கின் படிகளில் படீர் படீரென்று சத்தம் போட்டது. அங்கேயும் கீழே லாரி மேடை, மேலே ஒரு மின்விசிறி. மேலாளர் சின்ன வயசுக்காரர், சிரித்த முகம். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார்.

“நீங்க வந்தது ரொம்ப நல்லதாப் போச்சு மேடம். இங்க ஏழு ஸ்கிரிப்ட் இருக்கு. போன மாசம் ரிட்டயர் ஆன ஒருத்தர் பேர்ல ஓடிட்டு இருந்துச்சு, இப்ப எல்லாம் நின்னு போச்சு. இப்போதைக்கு உங்க பேர்லயே...”

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

“உங்க தபால் அலமாரிச் சாவி யாருகிட்ட சார் இருக்கு?”